ரூட் எடுக்கும் நாள்

டிப்போவில் ரூட் எடுக்கும் நாள் வந்துவிட்டால் டிரைவர்களைக் கையில் பிடிக்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு தடவை வரும் நாள் அது. ஓய்வறைச் சுவரில் எல்லா ரூட்டும் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். சர்வீஸில் மூத்தவர் முதலில் போய்த் தனக்கு வேண்டிய ரூட்டுக்கு எதிரில் கையெழுத்துப் போடுவார். அப்புறம் அவருக்கு அடுத்தவர். இப்படியே இறங்கிக்கொண்டு வந்து, நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் தலையில் போய் விழுவதுதான் பல்கலைக்கழக ரூட். ஊரின் இந்தக் கோடியில் கிளம்பி அந்தக் கோடியில் முடிகிற ரூட். வழியெல்லாம் வேகத்தடை, பள்ளிக்கூடம், சந்தை, ரயில்வே கேட். காலையில் எள் விழ இடமிருக்காது. ஓட்டிவிட்டு இறங்கினால் இடுப்பு இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ரூட்டைத்தான் டிப்போவிலேயே மூத்த டிரைவர் முதல் ஆளாகப் போய் எடுத்தார். முதல் தடவை, கண்ணாடி போடாமல் தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். மறுபடியும் எடுத்தபோது மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். வண்டி ஓட்டுவதில் நிதானம், வாயைத் திறப்பதில் அதைவிட நிதானம். அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வந்து பதிலை வாங்கிக்கொள்ளலாம். "ஏண்ணே உங்களுக்கு இந்தத் தலைவலி?" என்று கேட்டதற்கு, "வேடிக்கை பாத்துக்கிட்டே போலாம்ல" என்றார். அந்த ரூட்டில் வேடிக்கை பார்க்க ஒரு சிமெண்ட் கிடங்கும் இரண்டு பெட்ரோல் பங்கும்தான் இருக்கின்றன.

காரணம் அவருடைய மகள். பல்கலைக்கழகத்தில் கட்டட வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தாள். காலையில் அப்பாவும் மகளும் ஒன்றாகத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அவர் டிப்போவுக்குள் போய் வண்டியை எடுத்து வருவார். அவள் வெளியே முதல் நிறுத்தத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று, மற்றவர்களைப் போலவே பஸ் கார்டை மெஷினில் தட்டிவிட்டு ஏறி, முன்பக்கத்து ஜன்னலோரத்தில் உட்காருவாள். அதற்குப் பிறகு கடைசி நிறுத்தம் வரைக்கும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. முன்கண்ணாடிக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதிப் போட்டிருக்கிறது. ஊரில் உள்ள மற்ற டிரைவர்கள் எல்லாம் அதன் அடியில் உட்கார்ந்துகொண்டுதான் உலகத்துக் கதை முழுவதும் பேசுகிறார்கள். இவர் மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முதல் நாள் அவள், "அப்பா, அங்க பாருங்களேன்" என்று ஏதோ ஆரம்பித்தபோது, விரலைத் தூக்கி அந்த எழுத்தைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டாள். பஸ்ஸுக்குள் அதை அவள் மறுபடி திறக்கவேயில்லை.

ஆனால் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதே! பயணிகளைக் கவனிப்பதற்கென்று கம்பெனி மாட்டிக் கொடுத்த கண்ணாடி. அதை அவர் நூலிழை திருப்பி மகளுக்கென்று வைத்துக்கொண்டார். சில நாள் அவள் மடியில் அட்டையில் செய்த வீடோ பள்ளிக்கூடமோ இருக்கும். மாடல் என்பார்கள். அந்த நாட்களில் நிதானத்தின் நிதானம் எல்லை கடந்துவிடும். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஏற்றி, மூச்சைப் பிடித்து, இறக்குவார். "டிரைவர், இறங்கித் தள்ளணும்னா சொல்லுங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். அவர் காதில் விழாது. மாடலின் கூரை அசைந்ததா என்றுதான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாதி வழியில் அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போவாள். அதைப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும் ஒரு குளிர்சாதனப் பெட்டியைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு பேராக ஆகியிருந்தார்கள். முட்டை தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, கதவைப் பூட்டியாச்சா. இதற்கு மேல் பேச்சு நகராது. பஸ்ஸில்தான் தானும் மகளும் சேர்ந்து இருப்பதாக அவர் நம்பினார். பேசாமல், முகம் பார்க்காமல், நடுவில் ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு சேர்ந்து இருப்பதாம்! அவருக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கும் போதுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு நாள், சாப்பிடும்போது, மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கேம்பஸுக்குப் பக்கத்துல எங்க கிளாஸ் பொண்ணுங்க வீடு எடுத்திருக்காங்கப்பா. அதுல ஒரு ரூம் காலியாகுது. என்னை வரியான்னு கேட்டாங்க."

நிதானம் வாயிலிருந்த ரொட்டியைத் தேவைக்கு மேல் மென்றார்.

"யாரு கேட்டா?"

"சுருட்டைன்னு சொல்வேன்ல, அவதான். இந்த வாரத்துக்குள்ள சொல்லணுமாம். வாடகை என் உதவித்தொகைக்குள்ளயே அடங்கிடும்."

பணமில்லை என்று சொல்லியும் தப்பிக்க முடியாது என்று ஆகிவிட்டது. மகள் நிமிர்ந்தாள்.

"நீங்க என்னப்பா சொல்றீங்க?"

இந்த இடத்தில் ஒரு மனிதர் என்னவெல்லாமோ சொல்லலாம். போகாதே, நீயும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். இல்லை, தாராளமாகப் போ, உன் வயசுப் பிள்ளைகளோடு இரு என்று சொல்லலாம். நம் ஆள் தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், பிறகு திருவாய் மலர்ந்தார்.

"உன் இஷ்டம்."

அப்பாக்களுக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்துவைத்த வார்த்தை இது. சொன்னவர் தப்பித்துக்கொள்வார், கேட்டவர் மாட்டிக்கொள்வார். அவள் இன்னும் ஏதாவது வருமா என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை.

"சும்மாதான் கேட்டேன். போயே ஆகணும்னு இல்ல. பஸ்ல போறதும் ஒண்ணும் கஷ்டமில்லையே, தூங்கிக்கிட்டே போயிடறேன்" என்றாள்.

அவருக்கு நிம்மதி வந்தது பாருங்கள், வெட்கங்கெட்ட நிம்மதி! தட்டுகளை நானே கழுவுகிறேன் என்று எழுந்துவிட்டார்.

அந்த வாரமே வண்டியின் முன்கதவு மக்கர் பண்ணியது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு மூடினால், தானே திறந்துகொண்டது. மறுபடி மூடினால் மறுபடி திறந்துகொண்டது. மெக்கானிக் வருவதற்கு மத்தியானம் ஆகும், வண்டியை அங்கேயே போட்டுவையுங்கள் என்றார்கள் டிப்போவில்.

தினமும் அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறாரே தவிர, நிதானம் ஒரு நாளும் பல்கலைக்கழகத்துக்குள் போனதில்லை. திடீரென்று ஓர் ஆசை வந்தது. கடையில் இரண்டு காபி வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் காகிதக் கோப்பையோடு, சட்டையில் கம்பெனி முத்திரையோடு, வழி கேட்டுக் கேட்டு நடந்தார். மகளைச் சுற்றி ஒரு பட்டாளமே இருக்கும், "எங்கப்பா" என்று அவள் சொல்வாள், அவர்களிடம் என்ன பேசுவது என்றுகூட ஒத்திகை பார்த்துக்கொண்டார். நல்லாப் படிக்கிறீங்களா என்று கேட்கலாம். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

மகளின் வகுப்பு ஒரு பெரிய கூடம். நீள நீளமான மேஜைகள், எல்லாவற்றின் மேலும் அட்டைத் துண்டுகள், பசை டப்பாக்கள், எஃகு ஸ்கேல்கள். பிள்ளைகள் கும்பல் கும்பலாக நின்றுகொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள். நிதானம் வாசலில் நின்று கும்பல் கும்பலாகத் தேடினார். எதிலும் அவள் இல்லை. கடைசியில், கோடியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் பார்த்தார். ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. பாதியில் எழுந்து போகப்போகிறவளைப் போல அதை மாட்டிக்கொண்டே வெட்டினாள்.

வாசலுக்குப் பக்கத்து மேஜையில் சுருட்டை முடியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள்தான் அந்தச் சுருட்டை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"நம்ம குரூப்புக்கு இன்னும் ஒரு ஆள் வேணுமே. அவளைக் கேக்கலாமா?" என்று பக்கத்திலிருந்த பையன் தூணைக் காட்டினான்.

"யாரு, பஸ்ஸையா?" என்றாள் சுருட்டை. மகளுக்கு அங்கே அதுதான் பெயர். "அவளுக்கு அஞ்சு மணியானா பஸ் வந்துடும். நாம ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறம்தான்."

"நல்லாப் பண்ணுவாளே."

"நம்ம எல்லாரையும் விட நல்லாப் பண்ணுவா. எங்ககூட வந்துடுன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். முதல்ல ஆசையாத்தான் கேட்டுக்கிட்டா. நேத்து வந்து, வேண்டாம், எங்கப்பா தனியா ஆயிடுவாருன்னுட்டா." சுருட்டை பசை டப்பாவின் மூடியைத் திருகினாள். "சாப்பிடக் கூப்பிட்டா வருவாடா. ஆனா நாம பேசற எதுவும் அவளுக்குப் புரியாது, எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் நடந்ததா இருக்கும். நாம சிரிச்சா அவளும் சிரிப்பா. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கும். அப்புறம் நானும் கூப்பிடறதில்ல."

அந்தப் பேச்சில் கேலி இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார். நிதானம் வந்த வழியே திரும்பி, வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு காபியைக் குடித்தார், ஆறியிருந்தது. இன்னொன்றையும் குடித்தார், அதுவும் ஆறியிருந்தது. 'எங்கப்பா தனியா ஆயிடுவாரு' என்பது மட்டும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. பிள்ளைக்கு நிழலாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு காலில் கட்டிய கல்லாக இருந்திருக்கிறோமே என்று தன்னையே வைதுகொண்டார்.

சாயங்காலம் அவள் வழக்கம்போல ஏறி, வழக்கமான சீட்டில் உட்கார்ந்து, பாலம் தாண்டுவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் அதை நிம்மதியான தூக்கம் என்று நினைத்திருந்தார். பேச ஆளில்லாத பிள்ளை வேறு என்ன செய்யும், கண்ணை மூடிக்கொள்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மென்று விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அந்த ரூமு விஷயம்..."

"வேண்டாம்னு சொல்லிட்டேன்பா."

"ஏன்?"

"எனக்கு இதுதான் வசதி" என்றாள் மகள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பொய் சொல்வதில் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்திருந்தாள்.

மறுநாள் ரூட் எடுக்கும் நாள். பெயரைக் கூப்பிட்டதும் நிதானம் எழுந்து போய் சுவருக்கு முன்னால் நின்றார். வாயால் சொல்ல வராதவருக்குக் கையாலாவது சொல்ல ஒரு வழி இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனைக்குப் போய்த் திரும்புகிற குட்டி ரூட் ஒன்று, மத்தியானத்தில் தொடங்கும் ஷிஃப்ட். அவள் காலையில் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வேலை முடிந்து வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அப்பாவுக்குத் துணையாக இருப்பதற்கு அப்பா கண்ணில் பட்டால்தானே! அதில் கையெழுத்துப் போட்டார். ஓய்வறையே வாயைப் பிளந்தது. எந்நேரமும் சீட்டி அடித்துக்கொண்டிருப்பதால் 'விசில்' என்று பெயர் வாங்கிய டிரைவருக்குச் சீட்டியே நின்றுபோயிற்று.

"என்னண்ணே, வேடிக்கை எல்லாம் பாத்து முடிச்சாச்சா?"

"முதுகு வலிடா" என்றார் நிதானம்.

அதே பொய்யை வீட்டுக்கும் கொண்டுபோனார். செலவில்லாத பொய், இரண்டு இடத்துக்கும் ஆயிற்று.

"முதுகு வலி தாங்கல பாப்பா. ரூட் மாத்திக்கிட்டேன். அடுத்த வாரத்துலேருந்து ஆஸ்பத்திரி ரூட்டு. மத்தியான ஷிஃப்ட்."

அவள் கையிலிருந்த பென்சிலை வைத்தாள். "அப்ப நம்ம பஸ்ஸு?"

"அதை விசில் எடுத்துக்கிட்டான்."

"எவ்வளவு நாளா வலி?"

"ரொம்ப நாளாவே."

சொன்ன பிறகுதான் தப்பான இடத்தில் காலை வைத்துவிட்டோம் என்று தெரிந்தது. மகளுடைய முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப, எனக்காகத்தான் வலியோட ஓட்டிக்கிட்டு இருந்தீங்களா? சொல்லவே இல்லையே."

இல்லை என்றால் பொய் சாயம் போய்விடும். ஆமாம் என்றால் அவள் மனசு விட்டுப்போகும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று இரண்டுக்கும் நடுவில் எதையோ முனகினார். அவள் பென்சிலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"அந்த ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நான் போயிடட்டுமாப்பா?"

"உன் இஷ்டம்" என்றார். இந்தத் தடவை 'போ, கண்ணு, சந்தோஷமாக இரு' என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். நீ இருந்தால் என்ன, போனால் என்ன என்றுதான் அவளுக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை விசிலின் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கிற ஜன்னல். நிதானம் அப்பாக்கள் செய்கிற வேலையெல்லாம் செய்தார். குழாயைத் திறந்து மூடினார், ஜன்னலை ஆட்டிப் பார்த்தார், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். "தாழ்ப்பாள் நல்லா கெட்டியா இருக்கு" என்று மகளிடம் அறிவித்தார். "நாங்க பாத்துக்கறோம் அங்கிள்" என்றாள் சுருட்டை. கிளம்பும்போது மகள் ஒரு களிம்பு டியூபை அவர் கையில் வைத்தாள்.

"முதுகுக்கு. தினமும் தடவுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. யாரோ பெரியவரிடம் பேசுகிற மரியாதை இருந்தது. அதற்குக் கோபமே தேவலாம் என்று இருந்தது அவருக்கு. அன்று வெயில் சாய்வதற்கு முன்பே படுத்துவிட்டார். களிம்பைத் தடவாமல் இருப்பது துரோகம் என்று தோன்றியதால் எழுந்து, கைக்கு எட்டின மட்டும் தடவிக்கொண்டார். வலியே இல்லாத முதுகு தீயாக எரிந்தது. அடுத்த அறையில் அவளுடைய கட்டில் மெத்தை விரிப்பில்லாமல் கிடந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இத்தனைக்கும் அவள் இருந்தபோதும் பெரிய சத்தம் ஒன்றும் இருந்ததில்லை. ஆனாலும் இந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ரயில் நிலையத்திலிருந்து வண்டியை எடுத்தார். வேலைக்குப் போகிற நர்சுகள், கையில் எக்ஸ்ரே உறைகளோடு நோயாளிகள், ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒரு குழந்தை. பெரிய சந்திப்பில் மருத்துவமனைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். பாலத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நேராகப் போக வேண்டும். பச்சை விழுந்தது. நிதானம் நேராகப் போனார்.

தெரிந்து போகவில்லை. கை போயிற்று, கால் போயிற்று, வண்டியும் போயிற்று. முதல் வேகத்தடை வந்தபோது மூச்சைப் பிடித்து, மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினார். இறக்கிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே ஒரு பருத்த ஆசாமி வாயைத் திறந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"டிரைவர்! எங்க போறீங்க?" என்று ஒரு நர்ஸ் எழுந்து நின்று கத்தினாள். அதற்குள் எல்லோரும் கத்தினார்கள். "ஏங்க, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்!" "எனக்கு டாக்டரைப் பாக்க நேரமாச்சு!" "தூங்கிட்டாரா மனுஷன்?" குழந்தை மட்டும், "ஐ, பாலம்!" என்று கைதட்டியது. பாலத்தில் ஏறிவிட்ட பஸ்ஸைப் பாலத்தில் திருப்ப முடியாது. அக்கரைக்குப் போய், அங்கே இருக்கிற ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அவ்வளவு தூரமும் திட்டு வாங்கிக்கொண்டே ஓட்டினார். ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு எழுந்து பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் பயணிகளோடு பேசியதே இல்லை.

"மன்னிச்சிடுங்க" என்றார். "எம்பொண்ணு இந்தப் பக்கம்தான் படிக்கிறா. தினமும் நான்தான் கொண்டாந்து விடுவேன். இப்ப அவ இங்கயே தங்கிட்டா. எனக்குத்தான் இன்னும் பழகல."

கத்திக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். எழுந்து நின்ற நர்ஸ் உட்கார்ந்துகொண்டாள். "சரி சரி, திருப்புங்க. நான் எங்க ஹெட் நர்ஸ்கிட்ட சொல்லிக்கறேன்" என்றாள்.

ஒரு டிரைவர் வழி தவறினால் அது டிப்போவுக்கு வருவதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். நிதானம் வழி தவறினார் என்றால் கேட்க வேண்டுமா! பொழுது சாயும் நேரத்தில், மருத்துவமனை வாசலில் அடுத்த நடைக்காக நின்றுகொண்டிருந்தபோது, போன் அடித்தது. மகள்.

"அப்பா, கேம்பஸ் வாசல்ல விசில் அங்கிளைப் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியை இந்தப் பக்கம் ஓட்டிட்டு வந்துட்டீங்களாமே?"

"பாலம் வரைக்கும்தான்" என்று அசடு வழிந்தார்.

அவள் சிரித்தாள். அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சிரித்து முடித்துவிட்டு, "முதுகு எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"முதுகுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மகள் பிடித்துக்கொண்டாள்.

"வலியே இல்லைதானே?"

"இல்ல பாப்பா."

"அப்புறம் ஏன்பா?"

காலியான பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, நிதானம் ஒருவழியாக வாயைத் திறந்தார். "கதவு ரிப்பேர் ஆச்சே, அன்னைக்கு உன் கிளாஸுக்கு வந்தேன். நீ தூண் பக்கத்துல உக்காந்து வெட்டிக்கிட்டிருந்தே. பையைக்கூடக் கழட்டாம. உனக்கும் ஒரு காபி வாங்கிட்டு வந்தேன். ஆறிப்போச்சு."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றாள். "நான்தான் உங்களுக்குப் பாரமா இருந்தேன்னு நினைச்சேன்பா. ரெண்டு நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். நான் வந்துடட்டுமா? நிஜமாத்தான் கேக்கறேன். ரூமை விட்டுடறேன், விசில் அங்கிள் பஸ்லயே வந்து போறேன்."

வா என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. இன்றைக்கே வந்துவிடு, மெத்தைக்கு விரிப்புப் போட்டுவைக்கிறேன் என்று சொல்லத்தான் உடம்பு முழுவதும் துடித்தது.

"வேண்டாம்" என்றார். "நீ வந்தா எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா வரக்கூடாது."

"தனியா இருக்குமேப்பா உங்களுக்கு."

"இருக்குதான். நேத்துலேருந்து ரொம்பத்தான் இருக்கு. உனக்கு இது ஒண்ணரை வருஷமா இருந்துச்சு, எனக்குத் தெரியல."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னால் யாரோ, "ஏய், சீக்கிரம் வாடி, ஒட்டவே மாட்டேங்குது, வந்து பிடி!" என்று கூப்பிட்டார்கள். சுருட்டையின் குரல்.

"ஒரு நிமிஷம்பா" என்றாள் மகள். போனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் கொஞ்சம் தள்ளிப்போயிற்று. "இப்படி இல்ல, இங்க பிடி. ஐயோ, கையை எடுக்காத!" யாரோ சிரித்தார்கள். எதுவோ சரிந்து விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்தக் கத்தலில் அவளும் இருந்தாள். யாரோ அவளை, பஸ் என்று இல்லாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் போயிற்று, இன்னும் கொஞ்ச நேரமும் போயிற்று. அவள் போனை மறந்தே போய்விட்டாள். நிதானம் கட் பண்ணாமல், காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே பயணிகள் சேர்ந்துவிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து திரும்புகிற ஒரு நர்ஸ் கதவைத் தட்டினாள். "டிரைவர், நேரமாச்சே, எடுக்கலையா?"

அவர் அவளைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நடையைக்கூட நேரம் தவறி எடுக்காதவர், அன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை.